மலைநாட்டு ஆளுங்களோட பழைய காலத்து தலா வருமானத்த எப்படி கணக்குப் போடுறது? (நீளமான பதில், பொறுமையா வாசிங்க)

தம்பி கேட்டது இதுதான். இலங்கை மத்திய வங்கி மாகாண வாரியா ஜிடிபி போடுறதெல்லாம் 1990களுக்குப் பிறகு வந்த விசயம், அதுக்கு முந்தி 1920கள்ல இருந்து 1970கள் வரைக்கும் நுவரெலியா, பதுளை மாவட்டத்துல ஒரு ஆளுக்கு சராசரியா என்ன வருமானம் இருந்துச்சுன்னு ஒரு வரிசை தயார் பண்ணணும், அதுக்கு அந்தந்த வருசத்து தேயிலை உற்பத்திய ஏற்றுமதி விலையால பெருக்கி மாவட்ட ஜனத்தொகையால வகுத்தா போதுமா?

போதாது. போதாதுங்கிறது மட்டுமில்ல, அப்படி செஞ்சா மலைநாட்டுல லயத்துல (தோட்டத் தொழிலாளிங்களோட வரிசை வீடு) இருந்தவங்கதான் இலங்கையிலயே பெரிய பணக்காரங்கன்னு எக்செல் சொல்லும். யாராவது அத கிராஃப் போட்டு ஆய்வுக்கட்டுரையில சேர்த்துட்டா பிறகு அத அழிக்க பத்து வருசம் ஆகும்.

ஏன்னா ஒரு இடத்துல விளையிற வருமானம் வேற, அந்த இடத்து ஆளுங்க கையில வர்ற வருமானம் வேற. நுவரெலியா பக்கத்து தேயிலைப் பகுதியான திம்புலையில கொழுந்து பறிச்சு அங்கயே ஃபெக்டரியில அரைச்சு பெட்டியில அடைச்சு அனுப்புறாங்க, அது 1883ல தொடங்கின கொழும்பு ஏலத்துலயோ லண்டன் தேயிலைச் சந்தையான மின்சிங் லேன்லயோ விலைபோகுது. அந்த விலையில ரயிலுக்கு ஒரு பங்கு, கப்பலுக்கு ஒரு பங்கு, தோட்டக் கம்பனிக்காக நிர்வாகம் பார்க்கிற கொழும்பு ஏஜென்சி ஹவுசுக்கு கமிசன், அரசாங்கத்துக்கு ஏற்றுமதி வரி, மிச்சம் லாபம், அந்த லாபம் ஸ்டெர்லிங் கம்பனின்னா (பிரிட்டன்ல பதிஞ்ச கம்பனி) லண்டன்ல இருக்கிற பங்குதாரருக்கு டிவிடெண்டா போயிடும். திம்புலையில தங்குறது சம்பளம், ஸ்டாஃப் சம்பளம், துரையோட (தோட்ட மேலாளர்) சம்பளத்துல அவர் இங்க செலவழிச்ச பகுதி, கடைக்காரர் யாவாரம், அவ்வளவுதான். நீங்க போடப்போறது பிராந்திய உற்பத்தியா, ஆளுங்களோட வருமானமா, முதல்ல அத முடிவு பண்ணுங்க. வேற நாட்டுல இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் சின்னதா இருக்கலாம், நம்ம பக்கம் கதையே அதுதான்.

அமெரிக்காவுல இத எப்படி செஞ்சாங்கன்னு ஒருக்கா பார்த்தா நல்லது, ஏன்னா மாநில வாரியா தனிநபர் வருமானம்ங்கிறத ரொம்ப கவனமா செஞ்சவங்க அவங்கதான். அங்க வணிகத் திணைக்களத்தோட பொருளாதாரப் பகுப்பாய்வுப் பிரிவுகிட்ட 1929ல இருந்து மாநில வாரியா தனிநபர் வருமானம் இருக்கு. அதுல சம்பளம், சொந்தத் தொழில் வருமானம், வட்டி, வாடகை, டிவிடெண்ட், அரசாங்கம் குடுக்கிற உதவிப் பணம் எல்லாத்தயும் கூட்டி, சமூகப் பாதுகாப்புக்கு கட்டினத கழிப்பாங்க. முக்கியமான விசயம், எங்க சம்பாதிச்சாங்கங்கிறத வச்சு இல்ல, எங்க குடியிருக்காங்கங்கிறத வச்சுத்தான் கடைசி நம்பர் வரும், ஒரு மாநிலத்துல வேல செஞ்சு பக்கத்து மாநிலத்துல குடியிருக்கிறவங்களுக்காக தனியா ஒரு திருத்தமே போடுவாங்க. 1929க்கு முந்தின காலத்துக்கு ரிச்சர்ட் ஈஸ்டர்லின் 1840, 1880, 1900, 1919-21ன்னு சில வருசங்களுக்கு மட்டும் மதிப்பீடு செஞ்சார். வருசா வருசம் போடல, குடிசன மதிப்பீடு கை குடுக்கிற வருசத்துக்கு மட்டும்தான். நாட்டு மொத்த வருமானத்த துண்டு துண்டா பிரிச்சு, ஒவ்வொரு துண்டயும் எந்தப் புள்ளிவிவரம் அதோட நெருக்கமா போகுதோ அத வச்சு மாநிலங்களுக்கு பங்கு போடுற முறை. நீங்களும் வருசா வருசம் போடணும்னு ஆசைப்படாம நாலஞ்சு வருசத்த மட்டும் ஒழுங்கா நிறுத்துங்க, அது போதும்.

இன்னொரு முறை இப்ப எல்லாரும் பயன்படுத்துறது, 2002ல ஃபிராங்க் கியரி, டாம் ஸ்டார்க்னு ரெண்டு பேர் பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் செஞ்சது. நீங்க வாசிக்கிற ஐரோப்பிய கட்டுரை பாதியில அதுதான் இருக்கும். சுருக்கமா சொன்னா, ஒரு துறையில நாட்டு மொத்த உற்பத்தி தெரியும், ஒவ்வொரு பிராந்தியத்துலயும் அந்தத் துறையில எத்தன பேர் வேல செஞ்சாங்கன்னு குடிசன மதிப்பீட்டுல தெரியும், சம்பளம் தெரியும். எங்க சம்பளம் கூடவோ அங்க ஒரு ஆளோட உற்பத்தியும் அதே அளவுக்கு கூடன்னு வச்சு பங்கு போடு. நம்ம தேயிலைக்கு இத போட்டுப் பார்ப்பம். மலைநாட்டுல 50 பேர், தாழ்நாட்டுல 50 பேர், நாள் சம்பளம் மேல 54 சதம், கீழ 50 சதம். 54ஐ 50ஆல பெருக்கினா 2700, மற்றது 2500, கூட்டினா 5200. மலைநாட்டுக்கு பங்கு 51.9 வீதம். முடிஞ்சது கணக்கு.

கணக்கு அழகா இருக்கு, ஆனா நம்ம நாட்டுல அந்த அனுமானம் நிக்காது. அந்த 54ம் 50ம் நான் சும்மா எடுத்த நம்பர் இல்ல. 1927ல 27ஆம் இலக்க குறைந்தபட்ச சம்பள சட்டம் வந்து, அதுக்குக் கீழ 1929ல நிர்ணயிச்ச சம்பளம் மலைநாட்டுக்கு ஆம்பளைக்கு 54 சதம், பொம்பளைக்கு 43, பிள்ளைக்கு 32. நடுநாட்டுக்கு 52, 41, 31. தாழ்நாட்டுக்கு 50, 40, 30. இந்த சில சதம் வித்தியாசம் எங்கிருந்து வந்துச்சு? மேல ஆள் நல்லா வேல செஞ்சான், ஏக்கருக்கு கூட விளைஞ்சிச்சு, உயர்நிலத் தேயிலைக்கு ஏலத்துல நல்ல விலைன்னு வரல. சாப்பாட்டுக்கு இவ்வளவு, உடுப்புக்கு இவ்வளவு, மேல குளிர் கூட, கம்பளி வாங்கணும்னு ஒரு குடும்பத்துக்கு ஆகுற செலவ பட்ஜெட் போட்டுப் பார்த்து அதுல இருந்து வந்த நம்பர். செலவுக் கணக்குல இருந்து பொறந்த சம்பளத்த எடுத்து உற்பத்தித் திறனுக்கு அளவுகோலா வைக்கக் கூடாது. அதனால கியரி ஸ்டார்க் முறையில உங்களுக்கு வர்றது மலைநாட்டு உற்பத்தியும் இல்ல, மலைநாட்டு ஆளுங்க வருமானமும் இல்ல, ரெண்டுக்கும் நடுவுல ஏதோ ஒண்ணு. உயர்நிலத் தேயிலையோட விலை வித்தியாசம் பூரா அதுல காணாமப் போயிடும்.

நான் செய்யச் சொல்றது தலைகீழா. கீழ இருந்து வாங்க. மாவட்டத்த தோட்டம், நாடு, டவுன்னு மூணா பிரிச்சு (நாடுன்னு சொல்றது சிங்களக் கிராமங்கள, நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு விளங்கும்) ஒவ்வொண்ணுக்கும் ஆளுங்க கையில வந்த காசையும் சாமானையும் கூட்டிக்கிட்டு வாங்க. மூணுலயும் தோட்டம்தான் பெரிசு, அதுக்குத்தான் ஆதாரமும் நிறைய, அதனால அத கொஞ்சம் விரிவா சொல்றேன்.

சட்டத்துல இருக்கிற நாள் சம்பளம் ஒரு வீதம்தான், அது வருமானம் இல்ல. ஒரு ஆளுக்கு மாசத்துல எத்தன பேர் விழுந்துச்சுங்கிறதுதான் விசயம். தோட்டத்துப் பக்கம் பொறந்தவங்களுக்கு இது தெரியும், மற்றவங்களுக்காக சொல்றேன், ஒரு முழு நாள் வேலைக்கு ஒரு பேர் போடுவாங்க, பிந்தி வந்தாலோ பறிச்ச கொழுந்தோட எடை, அதாவது ராத்தல், குறைஞ்சாலோ அரைப்பேர். எங்க அப்பா கணக்கப்பிள்ளையா இருந்தவர், அதனால பழைய செக்ரோல் புத்தகம், அதாவது வரவும் சம்பளமும் எழுதுற பதிவேடு, எனக்கு நல்ல பழக்கம். அகலமான புத்தகம், இடது பக்கம் நம்பரும் பேரும், அப்புறம் ஒண்ணுல இருந்து முப்பத்தொண்ணு வரைக்கும் கட்டம், அதுல ஒவ்வொரு நாளுக்கும் ஒண்ணோ அரையோ வெறுமையோ. கடைசியில மொத்தப் பேர், நாள் சம்பளம், வந்த காசு, அதுக்குப் பிறகு வரிசையா பிடிச்சது: அரிசி, மா, தேத்தூள், டோபி, பார்பர், கோயில் சந்தா, பிந்தின காலத்துல சங்க சந்தா, 1958க்குப் பிறகு ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி). கடைசிக் கட்டத்துலதான் கைக்கு வர்றது, சில மாசம் அந்தக் கட்டத்துல ரூபா இருக்காது, சதம்தான் இருக்கும்.

இந்தப் புத்தகத்த பார்க்கிற ஆய்வாளருங்க செய்யிற ஒரு விசயம் எனக்குப் பிடிக்கிறதே இல்ல. கடைசிக் கட்டத்துல இருக்கிற காச வருமானம்னு எழுதிடுறாங்க. அது தப்பு. டோபிக்கும் கோயிலுக்கும் பிடிச்சது அந்த ஆளோட செலவு, தோட்டம் அவருக்குப் பதிலா கட்டியிருக்கு, அவ்வளவுதான். வருமானம்னா பிடிக்கிறதுக்கு முந்தின தொகை. ஈபிஎஃப்ல தொழிலாளிகிட்ட பிடிக்கிறத கழிக்கிறதா இல்லையாங்கிறது நீங்க எடுக்கிற வரையறைய பொறுத்தது, ஒரு முடிவு எடுத்து எல்லா வருசத்துக்கும் அதையே வச்சுக்கங்க.

இப்ப ஒரு குடும்பத்துக்கு கணக்குப் போட்டுப் பார்ப்பம். 1929 வீதம், மலைநாடு, அப்பா அம்மா ஒரு வேல செய்யிற பிள்ளை. 54, 43, 32 கூட்டினா நாளைக்கு 1 ரூபா 29 சதம். மாசத்துக்கு 20 பேர்னு வச்சா 25 ரூபா 80 சதம். வீட்டுல சின்னப் பிள்ளைங்க ரெண்டயும் சேர்த்து அஞ்சு பேர்னா தலைக்கு 5 ரூபா 16 சதம், வருசத்துக்கு 61 ரூபா 92 சதம். இதே குடும்பத்துக்கு 18 பேர்னு வச்சா மாசம் 23 ரூபா 22 சதம், 23 பேர்னு வச்சா 29 ரூபா 67 சதம். பார்த்தீங்களா, சட்டம் ஒண்ணுதான், சம்பளம் ஒண்ணுதான், பேர் எத்தனங்கிற ஒரே விசயத்துல கால்வாசிக்கு மேல வித்தியாசம் வருது. அதனால சட்டத்துல இருக்கிற வீதத்த 300ஆல பெருக்கி வருச வருமானம்னு போட்டிருக்கிற கட்டுரைய பார்த்தா அந்தப் பக்கத்த அப்படியே தாண்டிப் போங்க. கொழுந்து கூடுற மாசமும் இருக்கு, காஞ்ச காலமும் இருக்கு, கவ்வாத்து (செடிய வெட்டி விடுறது) நடக்கிற மலையில கொழுந்தே இருக்காது, எல்லா மாசமும் ஒரே மாதிரி பேர் விழாது. 1930களோட தொடக்கத்துல தேயிலை விலை விழுந்தப்ப சம்பள வீதத்தையும் வெட்டினாங்க, 1933ல வந்த சர்வதேச தேயிலை ஒப்பந்தத்துல ஏற்றுமதிக்கே கட்டுப்பாடு போட்டாங்க, இப்படியான காலத்துல வேல நாளும் குறையத்தான் பார்க்கும். வீதத்த மட்டும் பார்த்தா விழுந்ததுல பாதிதான் தெரியும்.

பேர் எத்தனங்கிறது எங்க கிடைக்கும்? தொழிலாளர் கட்டுப்பாட்டாளரோட வருசாந்த நிர்வாக அறிக்கை இருக்கு. அது போக, இந்திய அரசாங்கத்தோட ஏஜெண்ட் ஒருத்தர் 1920கள்ல இருந்து கண்டியில இருந்தார், அவரோட வருச அறிக்கைகள்ல சம்பளம், அரிசி விலை, கடன், ஊருக்கு திரும்பினவங்க எண்ணிக்கை எல்லாம் எழுதியிருப்பார். அவர் தொழிலாளி பக்கத்த பார்த்து எழுதினவர், தோட்டத்துரை சங்க அறிக்கைகள் மற்றப் பக்கம், ரெண்டயும் பக்கத்துல வச்சு வாசிங்க. பேராதனை லைப்ரரியில இலங்கைத் தொகுப்புன்னு ஒரு பகுதி இருக்கு, அங்கதான் முதல்ல போகணும், பிறகுதான் கொழும்பு சுவடிக்கூடம்.

அடுத்தது காசா இல்லாத வருமானம். அரிசி. அந்தக் காலத்து நிபந்தனையில தோட்டம் ஒரு புசல் (பழைய முகத்தல் அளவு) அரிசிய 4 ரூபா 80 சதத்துக்கு குடுக்கணும். டவுன்ல விலை அதுக்கு மேல இருந்தா அந்த வித்தியாசம் தொழிலாளிக்கு வருமானம், கட்டாயம் சேர்க்கணும். டவுன்ல விலை அதுக்கு கீழ போனா வித்தியாசம் மைனஸ், அதையும் சேர்க்கணும், இங்கதான் பல பேர் பூச்சியம்னு போட்டுட்டு போயிடுறாங்க. லய அறைக்கு வாடகை இல்ல, அதுக்கு ஒரு மதிப்பு போடணும். எவ்வளவு போடுறது? பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில ஒரு குடும்பம், அத டவுன் வாடகையால மதிப்பிட்டா அநியாயமா கூடிடும். என்னோட அபிப்பிராயம், சின்னதா ஒரு தொகை போட்டு, அத தனி வரியில காட்டுங்க, மொத்தத்துக்குள்ள கரைச்சுடாதீங்க. வாசிக்கிறவங்க வேணாம்னா எடுத்துட்டுப் பார்க்கட்டும். பிள்ளைமடுவம் (வேலைக்குப் போறவங்க பிள்ளைங்கள பார்த்துக்கிற இடம்), டிஸ்பென்சரி, விறகு, லயத்துக்குப் பின்னால இருக்கிற மரக்கறித் துண்டு எல்லாத்துக்கும் இதே மாதிரித்தான்.

கங்காணி, அதாவது ஊர்ல இருந்து ஆள் திரட்டிட்டு வந்து வேல வாங்கினவர், அவர் விசயத்துல கவனம். துண்டுங்கிறது ஒரு ஆளோட கடன் இவ்வளவு, அத கட்டினா ஆள விடுறம்னு தோட்டம் எழுதிக் குடுத்த சீட்டு. துண்டு முறை இருந்த காலத்துல ஆள் கட்டினப்ப குடுத்த முற்பணம் தொழிலாளிக்கு கடன், வருமானம் இல்ல, அத சேர்த்தா ரெண்டு தடவ எண்ணினதா ஆயிடும். துண்டு 1921ல சட்டத்தால ஒழிஞ்சிச்சு, ஆனா கடன் ஒழியல. அதே நேரம் வேலைக்கு வந்த ஒவ்வொரு ஆளுக்கும் கங்காணிக்கு நாளுக்கு சில சதம் தலைக்காசு போச்சு, அது கங்காணியோட வருமானம், அதுவும் தோட்டத்துக்குள்ளதான். ஒரு பெரியங்கங்காணிக்கு நூத்துக்கணக்குல ஆள் இருந்தா அந்த சதமெல்லாம் சேர்ந்து பெரிய தொகை, அத விட்டுட்டா தோட்டத்துல எல்லாரும் ஒரே மாதிரி ஏழைன்னு ஒரு பொய்யான சமத்துவம் வந்துடும்.

ஊருக்கு காசு அனுப்பினதப் பத்தியும் ஒரு குழப்பம் இருக்கு. திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கம் போஸ்ட் ஆபீஸ் மணியோடர்ல போன காச மலைநாட்டு வருமானத்துல இருந்து கழிக்கணுமான்னு கேப்பீங்க. கழிக்கக் கூடாது. சம்பாதிச்சவர் இங்க குடியிருந்தவர், அவர் அனுப்பினது அவர் வருமானத்த அவர் செலவழிச்ச விதம். லண்டனுக்குப் போன டிவிடெண்ட் அப்படி இல்ல, அது தொடக்கத்துல இருந்தே இங்க இருக்கிற யாரோட வருமானமும் இல்ல. ரெண்டும் கடல் தாண்டித்தான் போகுது, ஆனா கணக்குல வேற வேற இடம். 1972 காணிச் சீர்திருத்தம், 1975ல கம்பனித் தோட்டங்கள எடுத்தது, அதுக்குப் பிறகு லாபம் லண்டனுக்குப் பதிலா கொழும்புல கூட்டுத்தாபனத்துக்கும் திறைசேரிக்கும் போச்சு, மாவட்ட ஆளுங்களோட தனிநபர் வருமானத்துல அதனால ஒண்ணும் ஏறல.

ரூபாய பத்தி ஒரு வார்த்தை, நீங்க 1900க்கு முந்தியும் போறதா இருந்தா. 1872ல சதக் கணக்கு வந்துச்சு, அதுக்கு முந்தி பவுண் ஷில்லிங். 1870கள்ல ஏறக்குறைய 2 ஷில்லிங்கா இருந்த ரூபா வெள்ளி விலையோட விழுந்து விழுந்து 1890கள் முடியிறப்ப 1 ஷில்லிங் 4 பென்சுல நின்னுச்சு. தேயிலைய பவுண்ல வித்தாங்க, சம்பளத்த ரூபாயில குடுத்தாங்க, அந்த வித்தியாசம் யாருக்கு லாபம்னு விளங்கும்தானே. நீங்க எல்லாத்தையும் பவுணுக்கு மாத்தி வரிசை போட்டா தொழிலாளி வருமானம் மூணுல ஒரு பங்கு விழுந்த மாதிரி காட்டும், உண்மையில அரிசி வாங்கினது ரூபாயில. ரூபாயிலயே வச்சு அரிசி விலையால வகுங்க. பிந்தின காலத்துக்கு தோட்டத் தொழிலாளிக்குன்னே 1939 அடிப்படையில ஒரு வாழ்க்கைச் செலவுச் சுட்டெண் இருந்துச்சு, 1941 சம்பளச் சபைச் சட்டத்துக்குப் பிறகு விசேட வாழ்க்கைச் செலவுப்படி அந்த மாதிரி சுட்டெண்ண பார்த்துத்தான் ஏறி இறங்கினது. கொழும்பு நுகர்வோர் சுட்டெண்ண மலைநாட்டுக்கு போடாதீங்க, கொழும்புல கம்பளி யாரு வாங்குறா.

நாட்டுப் பக்கத்துக்கு ஆதாரம் வேற மாதிரி. 1892 முடியிற வரைக்கும் நெல்லு வரி இருந்துச்சு, அதுக்கு கிராமம் கிராமமா வயல் கணக்கு எழுதியிருக்காங்க. வரிய எடுத்ததோட அந்தக் கணக்கும் நின்னுடுச்சு, இது ஆய்வு செய்யிறவங்களுக்கு ஒரு சாபம். அதுக்குப் பிறகு நெல்லு, சேனை (காட்ட வெட்டி எரிச்சு செய்யிற பயிர்), மிளகு, பாக்கு, பலா எல்லாத்தையும் புளூ புக்ல (காலனி அரசாங்கத்தோட வருசாந்த புள்ளிவிவரப் புத்தகம்) வர்ற ஏக்கர் கணக்கு, கச்சேரி (மாவட்ட அரசாங்க அலுவலகம்) அறிக்கைன்னு பொறுக்கித்தான் எடுக்கணும். 1951ல வெளியான கண்டிய விவசாயிகள் ஆணைக்குழு அறிக்கை யுத்தத்துக்குப் பிந்தின நிலைமைக்கு நல்ல சாட்சி. தோட்டத்துல நாட்டு ஆளுங்க வந்து வேல செஞ்ச சம்பளம் நாட்டுப் பக்கம் சேரணும், தோட்டத்துல எண்ணக் கூடாது. டவுனுக்கு ஹட்டன், பண்டாரவளை, பதுளை கடைக்காரங்க, செட்டியாருங்க, லாரிக்காரங்க, 1932ல வருமான வரி வந்த பிறகுதான் இவங்கள ஓரளவுக்காவது கண்ணுல காண முடியும், அதுவும் மேல்தட்டு மட்டும்.

இனி வகுக்கிற நம்பர், அதாவது ஜனத்தொகை. இதுல கை வைக்கிறதுக்கு முந்தி மூணு விசயத்த பாருங்க. 1931 குடிசன மதிப்பீடு செலவு மிச்சம் பிடிக்க சுருக்கமா எடுத்தது, தொழில் விபரம் தேடினா ஏமாற்றம்தான், 1921ல இருந்து நேரா 1946க்குத்தான் பாயணும். ரெண்டாவது எல்லை. ஊவா மாகாணம் 1886ல பிரிச்சது, சப்ரகமுவ 1889ல. மொனராகலை 1950கள் கடைசி வரைக்கும் பதுளைக்குள்ள இருந்தது, சேனையும் காடுமா ஜனம் குறைஞ்ச பக்கம், அது வெளிய போனதும் பதுளையோட சராசரி ஒண்ணும் நடக்காமலே மாறிடும். ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா பக்கம் பழைய கணக்குல உடபுலத்கம பிரிவுன்னு கண்டி மாவட்டத்துல இருக்கும், இப்ப நுவரெலியா. நுவரெலியா மாவட்டம்னு பேர பார்த்து அப்படியே ஒட்டினீங்கன்னா நல்ல தேயிலை மலையில பாதிய தொலைச்சுடுவீங்க.

மூணாவது, ஆளுங்க போனது. இந்திய வம்சாவளி ஆளுங்களோட குடியுரிமை பத்தி இலங்கையும் இந்தியாவும் செஞ்ச 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துல 5 லட்சத்து 25 ஆயிரம் பேர இந்தியாவுக்கும் 3 லட்சம் பேர இங்கயும்னு பங்கு போட்டாங்க, மிஞ்சின 1 லட்சத்து 50 ஆயிரத்த 1974ல பாதிப் பாதியா. 1971ல கிட்டத்தட்ட 11 லட்சத்து 75 ஆயிரமா இருந்த இந்தியத் தமிழர் எண்ணிக்கை 1981ல 8 லட்சத்து 18 ஆயிரத்து 656. வடக்குல வன்னிப் பக்கம் போனவங்களும், இலங்கைத் தமிழர்னு பதிஞ்சவங்களும் அந்த குறைவுல இருக்காங்க. இப்படி ஜனம் இறங்குற பத்து வருசத்துல நடுவுல ஒரு வருசத்துக்கு நேர்கோடு போட்டு ஜனத்தொகைய எடுத்தா, கப்பலேறினவங்க தலையிலயும் வருமானத்த பங்கு போட்டிருப்பீங்க. 1973, 74 பஞ்ச காலத்துக்கு இத செஞ்சா ரொம்ப மோசமா போகும்.

1953க்குப் பிறகு கொஞ்சம் மூச்சு விடலாம். மத்திய வங்கி நுகர்வோர் நிதி ஆய்வு 1953, 1963, 1973, 1978/79ன்னு வருது, நகரம், கிராமம், தோட்டம்னு தனித்தனியாவும் வலய வாரியாவும் இருக்கு, மலைநாட்டு மாவட்டங்க ஒரு வலயத்துல. இதுல வருமானம் பெறுபவர் ஒருத்தருக்கு எவ்வளவு, செலவழிக்கிற குடும்ப அலகுக்கு எவ்வளவுன்னு ரெண்டு விதமா போட்டிருப்பாங்க. தோட்டத்த பொறுத்தவரை இந்த ரெண்டும் ரெண்டு கதை சொல்லும். ஒரு ஆளோட சம்பளம் நாட்டுலயே அடிமட்டம், ஆனா வீட்டுல ஆம்பளை பொம்பளை வளர்ந்த பிள்ளைன்னு எல்லாரும் வேல செய்யிறதால குடும்பத்துக்கு வந்து சேர்றது அவ்வளவு கீழ இருக்காது. குடும்ப நம்பர மட்டும் எடுத்து தோட்டம் ஒண்ணும் மோசமில்லன்னு எழுதினவங்க இருக்காங்க. மூணு பேர் உழைச்சு ஒரு ஆளோட சம்பளம் அளவுக்கு கொண்டு வந்ததுதான் அது, அதனால தலைக்கும் போடுங்க, உழைக்கிற ஆளுக்கும் போடுங்க, ரெண்டயும் பக்கத்துல காட்டுங்க. 1984 வரைக்கும் பொம்பளைக்கு சம்பளம் குறைவு, அந்த வருசம்தான் சமமாச்சு, அதனால 1984க்கு முந்தி ஆம்பளை பொம்பளை எண்ணிக்கைய பிரிக்காம சராசரி போட்டா கூடத்தான் வரும். தோட்டத்துல கொழுந்து எடுக்கிறது யாருன்னு சொல்லவா வேணும்.

தோட்டம்னா எதுங்கிறதும் கவனம். 20 ஏக்கருக்கு குறையாம, குடியிருக்கிற தொழிலாளிங்க 10 பேருக்கு குறையாம இருந்தாத்தான் தோட்டத் துறை. சின்னத் தேயிலைத் தோட்டம் கிராமத்துல விழும்.

இப்பத்த இடைவெளிய எடுத்து பின்னால நீட்டுற யோசனை இருந்தா விட்டுடுங்க. குடிசனமதிப்பு புள்ளிவிவரத் திணைக்கள ஆய்வுல 2016ல மாச குடும்ப வருமானம் நாட்டுக்கு 62,237 ரூபா, தோட்டத் துறைக்கு 34,804 ரூபா, அதாவது 56 வீதம். 2019ல 76,414, தோட்டம் 46,865, அப்ப 61 வீதம். மூணு வருசத்துல இவ்வளவு மாறுது. அதுல கொழும்புக் கடையில நிக்கிற பையன் அனுப்புறது, மத்திய கிழக்குல வீட்டு வேல செய்யிற அம்மா அனுப்புறது எல்லாம் இருக்கு. தோட்டச் சம்பளம்னு பார்த்தா 2016 ஒப்பந்தத்துல அடிப்படை 500, 2019ல 700, எத்தன ஊர்வலம் போய் 2021ல வர்த்தமானியில ஆயிரம். 1946ல இந்த அமைப்பே இல்ல, அப்ப குடும்ப வருமானம்னா செக்ரோல்தான்.

அதே மாதிரி ரெண்டு நல்ல வருசத்துக்கு நடுவுல இருக்கிற வருசங்கள தேயிலை விலைய வச்சு நிரப்பாதீங்க. விலை ஏறினப்ப சம்பளம் அதே வேகத்துல ஏறல, விழுந்தப்ப மட்டும் நல்லா வேகமா வெட்டினாங்க. நிரப்பியே ஆகணும்னா சம்பள வீதத்தால பேர் எண்ணிக்கைய பெருக்கி வர்ற தொகைய வச்சு நிரப்புங்க, அப்படி நிரப்பின வருசத்த சாய்ந்த எழுத்துல போடுங்க, வாசிக்கிறவங்களுக்கு தெரியட்டும்.

நம்பர் ஒண்ணா குடுக்காம கீழ்மட்டம் மேல்மட்டம்னு ரெண்டா குடுங்க. 18 பேருக்கு ஒண்ணு, 23 பேருக்கு ஒண்ணு, லய வாடகை இல்லாம ஒண்ணு, சேர்த்து ஒண்ணு. மேற்பார்வையாளர் ஒரே நம்பர் கேட்டா நடுவுல ஒண்ண சொல்லிட்டு மற்றத பின்னிணைப்புல வைங்க.

எங்க தொடங்குறதுன்னு கேட்டா, பதுளையில தொடங்குங்க, நுவரெலியாவுல வேணாம், ஹட்டன் பக்கத்து எல்லைச் சிக்கல்ல மூணு மாசம் போயிடும். மொனராகலையையும் சேர்த்து பழைய ஊவாவா எடுத்துக்கங்க, 1921, 1946, 1953, 1963 நாலு வருசம், தோட்டம் மட்டும் முதல்ல. 1921க்கு குறைந்தபட்ச சம்பளச் சட்டம் இல்ல, அதனால அந்த ஒரு வருசத்துக்கு சம்பள வீதத்த நிர்வாக அறிக்கையில இருந்து எடுக்கணும், அதுல அரிசிக்குப் பிடிச்சது உள்ளயா வெளியயான்னு அடிக்குறிப்பு வரைக்கும் வாசிச்சுட்டு எடுங்க. அந்த நாலு நம்பர் வந்ததும் போடுங்க, நாட்டுப் பக்கத்த பிறகு பேசுவம்.